கட்டிலை நோக்கி வந்த வெள்ளைப் புள்ளிகள்

பள்ளி விட்டு வந்த பொடிசு, அறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கறுப்புத் தரையில் இன்னொரு வெள்ளைப் புள்ளி!

திங்கட்கிழமை அது அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாற்காலிக்கு அடியில். இன்று அவளுடைய கட்டில் காலுக்கே வந்துவிட்டது.

"நான்தான் சொன்னேன்ல, ஏதோ ஒண்ணு நடந்து வருது," என்றான் அண்ணன். "நாளைக்கு உன் தலையணைதான்."

"சும்மா பூச்சாண்டி காட்டாதே!" என்றாள். ஆனாலும் கட்டிலை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அப்போது ஓர் அழுகை கேட்டது. ஊசி போல மெல்லியதாக, "ஈ... ஈ..." என்று. கட்டிலுக்கு அடியிலிருந்து!

அண்ணன் ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டான். பெரிய வீரன்!

பொடிசுக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் பகலில் கூண்டுக்கு வெளியே உலாவும் உருண்டையைக் காணவில்லை. உருண்டை அவள் வளர்க்கும் கினிப் பன்றி; வாலில்லாத கொழுத்த எலி மாதிரி இருக்கும். கட்டிலுக்கு அடியில் இருக்கிற அந்த ஏதோ ஒன்று உருண்டையைப் பிடித்துக்கொண்டால்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். இருட்டில் இரண்டு கண்கள் மின்னின.

உருண்டைதான்! அது முதுகை வளைத்து முக்கியது. மறுபடியும் அதே அழுகை. சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதன் ஓரத்தில் லேசான சிவப்பு.

"அண்ணா, பேயெல்லாம் இல்ல! உருண்டைக்கு ஒண்ணுக்குப் போனா வலிக்குது!"

காய்ந்த புள்ளி ஒன்றைச் சுரண்டித் தாளில் மடித்து வைத்துக்கொண்டாள். அம்மா வந்ததும் எல்லாரும் விலங்கு மருத்துவரிடம் ஓடினார்கள்.

மருத்துவர் அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். எக்ஸ்ரேயில், உருண்டையின் சிறுநீர்ப் பையில் அரிசி அளவுக்கு ஒரு கல் தெரிந்தது.

"நல்லவேளை, இன்னைக்கே கொண்டுவந்தே. வழி அடைச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து குடுத்து எடுத்துடலாம். ஆமா, தினமும் கீரையா குடுக்குறீங்க? ரொம்பக் குடுத்தா சிலதுக்கு இப்படிக் கல்லு சேரும்."

"இல்லையே, காய்ஞ்ச புல்லுதானே குடுக்கிறோம்?" என்று விழித்தாள் அம்மா.

அண்ணன் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான். "அம்மா... நீ என் தட்டுல வைக்கிற கீரையெல்லாம்..."

அம்மா அவனை முறைத்த முறைப்பில் பேயே ஓடியிருக்கும்.

பொடிசுக்கு அழுகை வந்தது. "அது ஒவ்வொரு நாளும் என்கிட்டதான் வந்துட்டு இருந்திருக்கும்மா. எனக்குத்தான் புரியல."

கல்லை எடுத்துப் பத்து நாள் கழித்து அண்ணன் சொன்னது பலித்தது. தலையணை ஈரமாக இருந்தது. நடுவில் உருண்டை, ஒன்றும் அறியாத பிள்ளைபோல.

பொடிசு தலையணையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை இல்லை, சிவப்பும் இல்லை. லேசான மஞ்சள், அவ்வளவுதான்.

"அம்மா, ஓடி வா! உருண்டை அழாம ஒண்ணுக்குப் போயிடுச்சு!"