மறுக்கப்பட்ட தாம்பூலம்

மேற்கே ஆதவன் மறைந்து கிழக்கே முழுமதி எட்டிப்பார்த்த அந்தி வேளையில், வெள்ளாற்றின் வடகரை நாணற்காடெங்கும் கூடாரங்களும் குதிரைகளும் வேல்முனைகளுமாய் நிறைந்திருந்த எழிலை நிதானமாகக் காட்டவே எனக்கு ஆசை, அன்பார்ந்த வாசகர்களே! ஆனால் பாசறை நடுவே மூச்சுவிடவும் மறந்து ஆயிரம் வீரர்கள் நிற்கும்போது எழிலாவது, வர்ணனையாவது!

இளவரசி உலகநாச்சியார் நீட்டிய வெள்ளித்தட்டில் தாம்பூலம் இருந்தது. எடுத்துக்கொண்டால் படைத்தலைமையை ஏற்றதாகப் பொருள், மறுத்தால் ராஜத்துரோகம். தென்கரைக் கோட்டையில் பகைவரின் முற்றுகைக்குள் தவிக்கும் அவளுடைய தந்தையை விடிவதற்குள் மீட்டாக வேண்டும். ஆற்றைக் கடக்கும் ரகசியத் துறையை அறிந்தவன் சேனாபதி கண்டன் மழவராயன் ஒருவனே. இளவரசியின் உள்ளம் கவர்ந்தவனும் அவனேதான். அவனோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"எடுத்துக்கொள்ளுங்கள், சேனாபதி!" என்றவள் குரலைத் தாழ்த்தி, "ஏன் நடுங்குகிறீர்கள்? காய்ச்சலா?" என்றாள்.

"காய்ச்சல் அல்ல தேவி, அபின்" என்றான் மழவராயன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சென்ற போரில் தோளில் பட்ட காயத்தின் வலிக்காகக் கடுகளவு தந்தார்கள். காயம் ஒரே மாதத்தில் ஆறிவிட்டது. அபினை மட்டும் என்னால் விட முடியவில்லை. நேற்று கையிருப்பு தீர்ந்தது. உடம்பெல்லாம் முறுக்கிப் பிழிந்தது. மருந்து வணிகன் வேடத்தில் வந்த பகைவரின் ஒற்றன் மூன்று உருண்டைகளைக் காட்டினான். இன்று காலையே தீர்ந்துபோன அந்த மூன்றுக்காகத் துறையைச் சொல்லிவிட்டேன்."

பாசறை கொதித்தெழுந்தது. "துரோகி! வெட்டுங்கள்!" என்ற கூச்சல் கரையெங்கும் எதிரொலித்தது. நூறு வாள்களுக்கு அஞ்சாதவனை ஒரு கறுப்பு உருண்டை மண்டியிட வைத்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிகிறது.

"அங்கே போனால் ஒருவரும் திரும்ப மாட்டீர்கள்" என்று மழவராயன் தன் வாளை இளவரசியின் காலடியில் வைத்தான். "என் தலையை எடுத்துவிடுங்கள், தேவி. இன்னோர் உருண்டைக்கு நான் எதையும் விற்பேன். உங்களையும்கூட!"

இளவரசியின் கண்கள் நிரம்பின. குரல் மட்டும் உடையவில்லை. தட்டை, அருகில் நின்ற மூத்த படைத்தளபதி கிழவர் சாத்தன் முத்தரையரிடம் நீட்டினாள்.

"முத்தரையரே, பகைவர் அந்தத் துறையிலேயே காத்துக் கிடக்கட்டும். கிழக்கே தெப்பம் கட்டிக் கடப்போம். தலைமை உம்முடையது."

முத்தரையர் வணங்கித் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டார். "உத்தரவு, தேவி. இவரை என்ன செய்வது?"

"விலங்கிடுங்கள். உணவும் நீரும் தவிர வேறெதுவும் அவரை அண்டக் கூடாது. சாவி உம்மிடம் இருக்கட்டும். கதறுவார், ஏசுவார், என் பெயரைச் சொல்லிக் கெஞ்சுவார். அந்த விஷம் இறங்கும்வரை விலங்கைத் திறக்காதீர்."

"தாங்களே வந்து சாவியைக் கேட்டால்...?"

இளவரசி மழவராயனை ஒருமுறை பார்த்தாள்.

"கேட்பேன், முத்தரையரே. அழுதுகொண்டே வந்து கேட்பேன். அப்போதும் கொடுக்காதீர்!"