தெற்கு யன்னலும் காணாமற்போன ஹாட் டிஸ்க்கும்

காலை ஏழு மணி. விடிவெள்ளி பொது நூலகத்தின் தெற்கு யன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. கணினி மேசையில் இருந்த ஹாட் டிஸ்க்கைக் காணவில்லை.

எட்டு மணிக்கு எஸ்.ஐ. டிலோஜினி வந்து இறங்கியபோது கடலோர ஊரான ஓலைத்தொடுவாயின் பாதிச் சனம் நூலக வாசலில் நின்றது. தீர்ப்பும் தயாராக இருந்தது: நூலகர் அருள்நாயகிதான் கள்ளி. சுடச்சுடக் கிடைக்கும் தீர்ப்புகளை டிலோஜினி நம்புவதில்லை. அவள் யாரைத்தான் நம்பினாள் என்று பொலிசில் பகிடி பண்ணுவார்கள்.

போனது சின்னச் சாமான் அல்ல. முப்பது வருடத்துப் பத்திரிகைகளை ஸ்கான் பண்ணிச் சேர்க்கும் டிஸ்க் அது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பற்றிய செய்தியைத் தேடி இன்னும் சனம் வரும். ஸ்கான் முடிந்ததென்ற பத்திரிகைக் கட்டுகளை இடத்தை அடைக்கிறதென்று அப்புறப்படுத்தியாகிவிட்டது. மத்தியானம் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து டிஸ்க்கைப் பொறுப்பெடுப்பதாக ஏற்பாடு. அத்தோடு வாசிப்பறைக்குப் பூட்டு. அருள்நாயகியின் வேலையும் போகும்.

"டிஸ்க்கைக் கடலுக்க எறிவன் எண்டு சொன்னனீங்களாம், அக்கா?"

"ஓம், சொன்னனான். கோவத்தில சொன்னது. எறியேல்லை."

"நூலகப் பூட்டின்ர திறப்பு ஆரிட்ட இருக்கு?"

"என்னட்ட ஒண்டு, கீர்த்தனன் தம்பியிட்ட ஒண்டு."

"விடிய எங்க நிண்டனீங்கள்?"

"ஆறு மணிப் பூசையில வாசகம் வாசிச்சனான். முடிய எல்லாரோடயும் இஞ்ச வந்தனான்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அதை மறுக்க அவர்களாலும் முடியவில்லை.

கீர்த்தனன் வயல் ஊரான பாப்பாமோட்டைக்காரன். பத்திரிகைகளை ஸ்கான் பண்ண ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். களவை முதலில் கண்டவனும் அவன்தான்.

"ஏழு மணிக்குக் கதவைத் திறந்தன், மிஸ். யன்னல் திறந்து கிடந்தது. அக்கா நேற்றுப் பின்னேரம் உள்ளுக்க கொளுக்கியைக் கழட்டி விட்டிட்டுப் போயிருப்பா. இரவு ஆரோ அதால பூந்து எடுத்திருக்கினம்."

"நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ? கூட்டினனீங்களோ?"

"ஒண்டும் இல்லை, மிஸ். இருந்தது இருந்தபடி."

டிலோஜினி யன்னலடி மேசையில் விரலை இழுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நேற்றைய பத்திரிகைத் தாள்கள் பாரம் எதுவும் இல்லாமல் அடுக்கியபடி கிடந்தன. அவள் வாசலுக்குப் போய், முன்னால் நின்ற மீனவர் பஸ்ரியனைக் கேட்டாள்.

"ஐயா, இரவு காத்து எப்பிடி?"

"அதை ஏன் கேக்கிறீங்கள்! தெற்கால அடிச்ச சோளகக் காத்து என்ர கொட்டிலையே பிரிச்சுப் போட்டுது. பூசை மணி அடிக்கேக்கதான் ஓய்ஞ்சது."

டிலோஜினி திரும்பினாள். "கீர்த்தனன், மோட்டார் சைக்கிள் திறப்பைத் தாரும்."

அவன் மெல்ல எடுத்து நீட்டினான். ஆசனத்துக்குக் கீழே, மழைக்கோட்டுக்குள் சுற்றியபடி டிஸ்க் கிடந்தது.

"இரவு முழுக்க இந்த யன்னல் திறந்து கிடந்திருந்தா, இந்த மேசையில மணலைக் கையால அள்ளலாம். ஒரு தாளும் இடத்தில இருந்திராது. காத்து ஓய்ஞ்ச பிறகுதான் கொளுக்கியைக் கழட்டியிருக்கு, அதுவும் உள்ளுக்கிருந்து. அந்த நேரம் அக்கா கோயில்ல. மற்றத் திறப்பு உம்மட்ட. உங்கட வயல் பக்கம் யன்னலைத் திறந்தா நுளம்பு வரும். தெற்கு யன்னலால மணல் வரும் எண்டு உமக்குத் தெரியேல்லை."

அவள் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

கீர்த்தனன் கதிரையில் பொத்தென்று இருந்தான். "ஸ்கான் மெசின் முதல் மாசமே பழுதாப் போட்டுது, மிஸ். சொன்னா வேலை போயிடும் எண்டு பயந்து, எல்லாம் முடியுது முடியுது எண்டு சொல்லிக்கொண்டு வந்தன். இண்டைக்கு அதிகாரிமார் திறந்து பாத்தா..."

அருள்நாயகி கிட்ட வந்தாள்.

"தம்பி, நான் தந்த கட்டுகள் எங்க?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "கருவாடு சுத்தக் குடுத்திட்டன், அக்கா."

அருள்நாயகி செருப்பையும் மறந்து ஓடினாள். கள்ளி என்று சொன்ன ஊர் விலகி வழிவிட்டது. டிலோஜினி ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு கருவாடு காயவைக்கும் வாடிக்குப் போனபோது, தாள்களில் சுற்றிய கருவாட்டோடு லொறி புறப்பட்டுப் போயிருந்தது. மூலையில் ஒரேயொரு கட்டு மிஞ்சிக் கிடந்தது. அருள்நாயகி அதை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"என்னைக் கள்ளி எண்டதை மறந்திடுவன், பிள்ளை. நாளைக்கு ஒரு தாய் வந்து தன்ர மகன்ர பேரைக் காட்டச் சொன்னா, நான் என்னத்தைக் காட்டுறது?"