முள்ளங்கிக் கத்தியில் ஒரு பெயர்

வாளைச் செய்தவன் பெயர் அதன் வாலில் இருக்கும். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் பகுதிதான் வால். வாளைக் குட்டையாக்க வேண்டுமென்றால் கூர்முனையில் யாரும் கை வைக்கமாட்டார்கள், வாலைத்தான் வெட்டுவார்கள். அதோடு கொல்லன் பெயரும் போய்விடும்.

அந்த வருடம் செகி ஊர்ப் பட்டறைகளில் வெட்டோ வெட்டென்று வெட்டினார்கள். முன்பெல்லாம் குதிரைமேல் இருந்து வீசுவதற்கு நீள வாள் வேண்டியிருந்தது. சண்டைகள் ஓய்ந்த பிறகும் இளவட்டங்கள் பவிசுக்காக நீள வாளைக் கட்டிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் முழங்காலைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். இப்போது சட்டம் வந்துவிட்டது. இன்ன அளவுக்கு மேல் யாரும் வாள் கட்டக்கூடாது.

கினுவுக்குப் பத்து வயது. அவள் அப்பா ஜின்பேயின் பட்டறையில், வெட்டிய வால்துண்டுகள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. அடுத்த வாளுக்கு அதுதான் இரும்பு.

ஒரு நாள் காலை வாள் தரகர் தாஹேய் வந்தார். கூடவே மகாபே என்ற சாமுராய். மகாபே உறையிலிருந்து வாளை உருவியதுமே கினுவுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் அண்ணன் யோரியின் வாள்.

யோரி தன் பெயர் போட்டுச் செய்தது அந்த ஒன்றுதான். கற்றுக்குட்டிக்கு நல்ல எஃகு எதற்கு என்று அப்பா கொடுக்கவில்லை. அண்ணனும் தங்கையும் இடிந்த கோயிலில் பழைய ஆணி பொறுக்கினார்கள். ஓட்டை விழுந்த இரும்புச் சோற்றுப்பானை ஒன்றையும் உடைத்துச் சேர்த்தார்கள். ஆணி கிழித்த தழும்பு கினுவின் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. வாள் விற்றுப்போன குளிர்காலத்திலேயே யோரி காய்ச்சலில் போய்விட்டான்.

"இது என் பையன் செஞ்சதுங்க ஐயா," என்றார் அப்பா.

"தெரியும்பா. அதனாலதான் உன்கிட்டயே கொண்டாந்தோம்," என்றார் மகாபே. "சேதி வெளிய போகாது பாரு."

"என்ன சேதிங்க?"

தாஹேய் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சாண் வெட்டிருங்க அண்ணே."

அப்பா அளந்து பார்த்தார். "நாலு விரல் எடுத்தாலே சட்டத்துக்குச் சரியா வருதே."

"நாலு விரல் எடுத்தா பேரு நிக்கும். ஒரு சாண் எடுத்தா போயிரும். மிச்ச வாலையும் புதுசா அராவிட்டா வயசும் தெரியாது. அப்புறம் நான் வாயத் திறப்பேன். நானூறு வருஷத்துக்கு முந்தின பெரிய கொல்லன் கை வேலைன்னு. இந்த வளைவைப் பாருங்க. இந்த இரும்பைப் பாருங்க. இந்தக் காலத்துல கெடைக்குமா இது?"

"பானை," என்றாள் கினு.

"என்னது?"

"சோத்துப்பானை, தாஹேய் மாமா. கூட ரெண்டு கூடை ஆணி. நான்தான் பொறுக்கினேன்."

தாஹேய் சிரித்தார். "பேரு இல்லாத வாளுக்கு யாரு வேணும்னாலும் அப்பன் ஆகலாம், குட்டி."

கினு மகாபேயின் முன்னால் போய் மண்டியிட்டாள். "ஐயா, எங்கண்ணன் பேரு இருக்கறது இது ஒண்ணுலதான். நாலு விரல் போதும்னு சட்டமே சொல்லுது. நாளைக்கு வாள் வளைஞ்சா, யாரைத் திட்டுவீங்க? பேரு இருந்தா எங்க வீட்டுக்கு வந்து திட்டலாம். நான் வாங்கிக்கிறேன்."

மகாபே அவளைப் பார்த்தார். பிறகு தாஹேயைப் பார்த்தார்.

"ஒரு சாண்," என்றார்.

மேலிடத்து ஆள், முடியாது என்றால் நாளைக்குப் பட்டறையில் உலை எரியாது. அப்பா அரத்தை எடுத்தார். மத்தியானம் வரை அந்தச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் அம்மா ஒரே அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

துண்டு தரையில் விழுந்தது. கினு சட்டென்று அதை எடுத்துக்கொண்டாள்.

"வெட்டின துண்டு யாருக்குச் சேரும், மாமா?"

"கொல்லனுக்குத்தான். அதுதானே வழக்கம்." சொன்ன பிறகுதான் தாஹேய்க்கு உறைத்தது. "ஆனா அதுல பேரு இருக்கு. என் கண்ணு முன்னால நெருப்புல போடணும்."

"நெருப்புல போட்டாப் போதுமா?"

"போதும்."

"அப்புறம் வேற பேச்சு பேசக்கூடாது."

"பேசமாட்டேன் தாயே, போடு."

கினு பெயர் இருந்த பக்கத்தைச் சூடு ஏறாதபடி ஈரக் களிமண்ணில் நன்றாகப் பொதிந்தாள். இடுக்கியால் பிடித்து மறுமுனையை உலைக்குள் வைத்தாள். துண்டு நெருப்பில் இருந்தது. வெளியே எடுக்கக்கூடாது என்று தாஹேய் சொல்லவில்லையே.

"ஏய், இது என்ன?"

"போட்டாச்சு மாமா. போட்டாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பா, அடிங்க."

அப்பா முதல்முறையாக நிமிர்ந்தார். சிவந்த முனையைக் கல்லில் வைத்து அடித்தார். அன்றைக்கு அவர் அடித்த அடிக்கு அந்த இரும்பு காகிதம்போல மெலிந்தது.

வசந்தம் வந்தது. தாஹேய் பட்டுச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். வாள் பெரிய இடத்துக்குப் போய்விட்டதாம். பிரபுக்கள் வரிசையில் நின்று, மூச்சுக்கூட அதன்மேல் படாமல் பார்க்கிறார்களாம்.

"எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க. இப்படி ஒரு கொல்லன் இனிமே பொறக்கமாட்டானாம்."

அம்மா அவர் முன்னால் முள்ளங்கித் தட்டை வைத்தாள்.

"அடேயப்பா, எவ்ளோ மெலிசு. எந்தக் கத்திங்க இது?"

அம்மா கத்தியை நீட்டினாள். விரல் நீளக் கூர். பிடியில் மரம் இல்லை, வெறும் இரும்பு. அதில் யோரியின் பெயர். தாஹேய் மெல்லுவதை நிறுத்தினார்.

"இதை வெளிய யாருக்கும் காட்டிறாதீங்க," என்றார் மெதுவாக.

"காட்டினா மட்டும் யாரு கும்பிடப்போறாங்க?" என்றாள் அம்மா. "முள்ளங்கி நறுக்கற கத்திதானே."

"நாங்களும் நானூறு வருஷத்துக் கத்தின்னு சொல்லிப் பாத்தோம் மாமா," என்றாள் கினு. "பேரு போட்டிருக்கில்ல, பொய் நிக்க மாட்டேங்குது."

தாஹேய் சீக்கிரமே எழுந்து போய்விட்டார். தட்டில் பாதி மீதி இருந்தது.

அம்மா பெயர் இருந்த பக்கத்தை இடுப்புத் துணியால் துடைத்துவிட்டு, அடுத்த முள்ளங்கியைக் கையில் எடுத்தாள்.