பழிக்கு ஒரு டம்ளர் பீட்ரூட்

"ஐயோ... ரத்தம்...!"

பாத்ரூமிலிருந்து அலறல். சமையலறையில் வரலட்சுமி சிரித்தாள்.

வேலை செய்கிறது!

தொண்டாமுத்தூர் பங்களாவுக்கு அவள் சமையலுக்கு வந்ததே இந்த அலறலைக் கேட்கத்தான். மில் முதலாளி சென்னகிருஷ்ணன், பழுதான பாய்லர் என்று தெரிந்தே ஓட்டச் சொன்னார். வெடித்தது. அவள் அண்ணன் சுப்பண்ணன் வெந்து செத்தான். கைதானவர் ரத்தக்கொதிப்பைக் காட்டி ஜாமீனில் வந்துவிட்டார்.

கோர்ட் விட்டது. அவள் விடவில்லை.

பீட்ரூட்டில் நைட்ரேட்... அது உடம்புக்குள் நைட்ரோசமைன் ஆகும்... புற்றுநோய் வரும்! செல்போனில் படித்தாள். தினமும் டம்ளர் நிறைய ஜூஸ் கொடுத்தாள், கும்பிட்டு!

ஹாலில் டாக்டர் ரிஃபத். மாதாமாதம் முதலாளியைப் பரிசோதித்துக் கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பும் அரசு டாக்டர். சென்னகிருஷ்ணன் வேட்டியைப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"டாக்டரம்மா! ஒண்ணுக்குச் செவச்செவன்னு போகுதுங்க! செத்துப்போடுவனுங்களா?"

ரிஃபத் சோதித்துவிட்டுச் சிரித்தாள்.

"ரத்தமில்லீங்க. பீட்ரூட் சாயம்!"

உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தாள்.

"போன மாசமாட்டவே நார்மல். மாத்திரையோட ஜூஸும் சேர்ந்து நல்லா எறக்கிருச்சுங்க."

வரலட்சுமிக்குத் தலை சுற்றியது. சமையலறைக்குக் கை கழுவ வந்த டாக்டரிடம் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க... நைட்ரோசமைன் ஆகாதுங்களா?"

ரிஃபத் திரும்பினாள்.

"வாயில இருக்கற பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தும். வயித்துல அது நைட்ரோசமைன் ஆகலாம். ஆனா காய்ல வைட்டமின் சி இருக்கு, பெருசா ஆக உடாது. பதப்படுத்துன கறியிலதான் பயம். ஜூஸ்ல எலுமிச்சை புழிவீங்களா?"

"ஆமாங்க. எதிராளியா இருந்தாலும் சப்புனு குடுக்க மனசு வருமுங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது இன்னும் தடுக்கும்... எதிராளியா?"

வரலட்சுமி அழுதாள். பாய்லரைச் சொன்னாள். அண்ணனைச் சொன்னாள்.

"கொல்ல வந்து கொணமாக்கிப்போட்டனே!"

ரிஃபத் அவள் செல்போன் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த வாரம் வாசலில் போலீஸ் ஜீப்!

"என்னங்க இது?" சென்னகிருஷ்ணன் அலறினார்.

"ஜாமீன் ரத்து. உடம்பு குத்துக்கல்லாட்ட இருக்குதுன்னு டாக்டர் ரிப்போர்ட். ஏறுங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குக் கொதிப்புங்க!"

"அங்க போய்க் கொதிங்க."

ஜீப் மறையும்வரை வரலட்சுமி இமைக்கவில்லை. செல்போன் அடித்தது. ரிஃபத்.

"ஜீப் வந்துச்சுங்களா, அம்மணி?"

"வந்துச்சுங்க...! உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?"

"எனக்கும் கொஞ்சம் பிரஷர் இருக்குதுங்க. எம்மேலயும் ஏதாவது பகை வெச்சுக்கங்களேன்!"