பச்சைப் புள்ளி

இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ஜன்னல்களில் போர்வை கட்டிப் படுத்த மோகன்ராஜ் பகல் இரண்டு மணிக்கு எழுந்தபோது, அவருடைய தொப்புளைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் அவர் தரம் பார்ப்பவர். மஞ்சள் வட்டம் போட்டால் அங்கே மிச்சம் இருக்கிறது, அரத்தால் ராவு என்று அர்த்தம். பச்சைப் புள்ளி வைத்தால் தேறிவிட்டது. பச்சை வைத்த பீஸில் பிறகு குறை தெரிந்தால், வைத்தவன் மேஜைக்கே அது திரும்பி வரும். இருபது வருடத்தில் தனக்கு ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்று, கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கூட வேலை செய்யும் அரசப்பனுக்குப் போன் போட்டார்.

"பஸ்ல தூங்கிக்கினு வரச்சொல்லோ வயித்துல மார்க்கர் போட்டது நீதானே?"

"உன் வயித்துக்கு ஒரு மார்க்கர் பத்தாதுண்ணே."

தேய்த்துக் குளித்தார். போகவில்லை. அடுப்படியிலிருந்து கொள்ளு வேகும் வாசம் வந்தது. அந்த அடுப்பைப் பற்றவைத்து எட்டு மாதமாகிறது.

அவர் மனைவி ஜெபா செத்து எட்டு மாதம்.

ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அவளை பீரோவோரம் நிறுத்தி, இடுப்புக்கு டேப்பும் மூக்குக்கும் தாடைக்கும் கம்பெனி வெர்னியர் இடுக்கியும் வைத்து அளப்பார். "அசையாத ஜெபா, ரீடிங் மாறிடும்." மிச்சமென்று பட்ட இடத்திலெல்லாம் மஞ்சள். பிறகு அவர் ஒன்பது இட்லி தின்பார், அவளுக்குக் கொள்ளுத்தண்ணி. அளக்கிறவரை அளக்க ஆளில்லாததால் அவர் தொப்பை மட்டும் ஆண்டவர் கிருபையில் செழித்தது. ஒரே ஒரு இட்லி கேட்டாள் ஒருநாள். "பீஸ் பேசாது" என்றார், தன் நகைச்சுவையைத் தானே ரசித்தபடி. கடைசி ஞாயிறு, டேப் இடுப்பில் இருக்கும்போதே சரிந்தாள்.

சவப்பெட்டியில் பார்த்தார். இடுப்பு இருபத்தாறு, அவர் கேட்ட அளவு. எல்லோரும் பாட்டுப் பாடி அழுதுகொண்டிருக்க, சேலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அவள் மணிக்கட்டின் உள்பக்கம் பச்சைப் புள்ளி வைத்தார்.

தொப்புளில் வட்டம் கண்ட மறுநாள், பகலில் எழுந்தபோது இரண்டு தோளிலும் தாடையிலும் மஞ்சள். மூன்றாம் நாள் அவர் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நெடுஞ்சாலையில் எளாவூர்ப் பக்கம் போகும் லாரிகளின் உறுமலை எண்ணிக்கொண்டு, போர்வை இடுக்கில் கசிந்த வெயில் இமையில் சுடச்சுட, வேர்த்து நனைந்த தலையணையில் காதை அழுத்திக் கிடந்தார். லாரிச் சத்தம் நின்றது. கொள்ளு வாசம் நெருங்கியது. கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது, கொஞ்சமே கொஞ்சம். எடையில்லாத ஒருத்தி உட்கார்ந்ததுபோல.

மூக்கின் இருபுறமும் குளிர்ந்த இரும்பு.

"அசையாதீங்க. ரீடிங் மாறிடும்."

கண் திறந்தார். சர்ச்சுச் சேலை. இடுப்பில் ஏழெட்டு ஊக்கு. மேலே முகம். மிச்சமே இல்லாத முகம்.

"ஜெபா, ஒரு வார்த்த..."

"பீஸ் பேசாதுங்க."

மணிக்கட்டில் பச்சைப் புள்ளி, ஈரம் காயாமல்.

மார்க்கர் அவர் நெற்றியில் தொட்டது. காதோரம் இறங்கியது. தாடைக்கு அடியில் போனது. மறுகாது. மறுபடி நெற்றி. முழு முகமும் ஒரே வட்டத்துக்குள்.

மூடியைத் திருகி, மார்க்கரைத் தலையணையோரம் வைத்தாள்.

அரத்தை எடுத்தாள்.