தீவில் விழுந்த கங்கு

காலையில் வயிறு கீறிக் குடலெடுத்து உப்புத் தொட்டியில் அடுக்கிய அயிலை மீன்கள், மத்தியானம் மூன்று மணிக்கும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சோர்க்கா முதலில் கண் மங்கல் என்றுதான் நினைத்தாள். அறுபத்தொன்பது வயசில் கண் காட்டுவதையெல்லாம் நம்பிவிட முடியுமா? தொட்டிக்கு மூடியைப் போட்டாள். மூடிக்குக் கீழே, ஈர உப்பு நறநறக்க, மெதுவாக, பொறுமையாக, நாற்பது வாய்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

கூடவே ஒரு வாசனை. ஆப்பிள் பூ வாசனை. கானமாராக் கரையில் ஆப்பிள் மரமே கிடையாது, கடல் காற்று எதையும் நிமிர விடாது. அதுவும் இது நவம்பர் மாசம். கடல்பாசி நாற்றத்தையும் அடுப்புப் புகையையும் விலக்கிக்கொண்டு அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்தால் அங்கே இருந்தது, ரொட்டியைப் பிட்டால் அதற்குள்ளும் இருந்தது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயம்.

ஏழு வருஷத்துக்கு ஒரு முறை மேற்கே ஒரு தீவு தெரியும். இளையோர் தீவு. அங்கே இருப்பவர்களுக்கு மூப்பு இல்லை, சாவு இல்லை. கரைக்காரர்கள் அதைப் பார்த்தால் பேசாமல் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்: வீட்டு அடுப்பிலிருந்து எடுத்த நெருப்பு அதன் மண்ணில் விழுந்துவிட்டால் அப்புறம் அது மறைய முடியாது. முளையில் கட்டிய மாடு மாதிரி நிற்கும்.

சோர்க்காவின் மகன் கோல்மன் பத்தொன்பது வயசில் கடலில் நண்டுக்கூண்டு எடுக்கப் போனவன் திரும்பவில்லை. முப்பத்தொரு வருஷம். உடம்பும் கிடைக்கவில்லை. புதைக்க ஒன்றும் இல்லாதவள் அழுது முடிப்பது எப்படி? அவன் அங்கேதான் இருக்கிறான் என்று யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போயிருந்த நேரம் தீவு தெரிந்தது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் இந்தக் கரையில் விறகு. அடுப்பில் நன்றாகக் கனிந்த கங்கு ஒன்றை இரும்பு வாளியில் போட்டு, தானே துடுப்பு வலித்துப் போய், அந்தப் பச்சைப் புல்லின் மேல் வீசிவிட்டு வந்தாள். இன்று செவ்வாய். ஜன்னலில் தீவு அப்படியே நின்றது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

பக்கத்து வீட்டு பிரீட் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். அவள் புருஷன் ஃபெஸ்டி வயிற்றில் கட்டியோடு ஆறு மாசமாகப் படுத்த படுக்கை. ஞாயிறு சாயங்காலம் மூச்சு நின்றதாம். வழக்கப்படி இவள் கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடிக்குத் துணி போட்டு, உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்து வைத்தாளாம். குளிப்பாட்ட வந்த பெண்கள் அலறி ஓடிவிட்டார்களாம்.

“கடிகாரம் ஏன் நின்னுச்சுன்னு கேக்குறாருடி,” என்றாள் பிரீட். “நெஞ்சு துடிக்கல. உடம்பு கல்லு மாதிரி சில்லுன்னு கெடக்கு. ஆனா வலிக்குது, வலிக்குதுங்குறாரு. நாப்பது வருஷம் நான் சொன்ன ஒரு வேலையையும் முடிச்சதில்ல அந்த மனுஷன். இதையாவது முடிப்பாருன்னு பாத்தேன்.”

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் கண் அடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

“எந்த அடுப்போட நெருப்போ, அந்த அடுப்பு அணைஞ்சாத்தான் தீவு போகும், இங்க சாவும் திரும்பி வரும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாளி தண்ணிடி, சோர்க்கா.”

சோர்க்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அடுப்பு அணைந்ததில்லை. ராத்திரி சாம்பலால் போர்த்துவாள், விடிந்ததும் கிளறுவாள். கோல்மனைப் பெற்றதும் அந்தச் சூட்டில்தான்.

“நாளைக்கு அணைக்கிறேன். ஒரே ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லு.”

“நீயே வந்து அவர்கிட்ட சொல்லு,” என்றாள் பிரீட். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

நாலரைக்கே வெளிச்சம் வடிந்தது. சரளைக்கல்லில் படகின் அடிப்பலகை உரசும் சத்தம் கேட்டது. துடுப்புச் சத்தம் இல்லை. சோர்க்கா செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள். படகில் கோல்மன் உட்கார்ந்திருந்தான். அதே பத்தொன்பது. அவள் பின்னிக் கொடுத்த அதே நீல ஸ்வெட்டர், இடது மணிக்கட்டில் அவள் தவறவிட்ட அதே கண்ணி. இரண்டு காலையும் பலகை மேல் தூக்கி வைத்திருந்தான்.

“எறங்கச் சொல்லாதம்மா. பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“முப்பத்தொரு வருஷம் கழிச்சு வந்துட்டு, வீட்டுக்குள்ள வராமலே போவியா?”

“உனக்குத்தான் முப்பத்தொண்ணு. அங்க கணக்கு வேற. நான் எண்ணுறத விட்டே எத்தனையோ காலமாச்சு. மண்ணுல கால் பட்டா அத்தனையும் என் மேல வந்து விழும்.”

காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. ஃபெஸ்டியே சாகாத ஊரில் இவனை எந்த வருஷம் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், சின்ன வயசில் தண்ணீரை விட்டு வர மறுத்தவனை இழுத்த அதே இழுப்பு. அம்மா இழுத்தால் வருகிற பிள்ளைதான் அவன். வந்தான்.

ஈர மணலில் கால் புதைந்தது.

கல் சுவரைத் தாண்டும்போது தலை நரைத்திருந்தது. வேலிக் கதவில் அவள் வயசு. வாசற்படியில் அவளுடைய அப்பாவின் வயசு. அதற்குமேல் அவனால் நடக்க முடியவில்லை. தூக்கினாள். காலி மீன்கூடை அளவுகூடக் கனமில்லை. அடுப்பருகே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மூப்பு நிற்கவில்லை.

தோல் எலும்போடு ஒட்டியது. எலும்பைவிட்டு உதிர்ந்தது. உதடு போயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக. பூ வாசனை மூக்கை அடைத்தது.

“அணைச்சுடும்மா.”

வாய் இல்லை. குரல் இருந்தது.

வாளியை எடுத்தாள். தூக்கினாள். தண்ணீர் தளும்பியது. பக்கத்து வீட்டிலிருந்து ஃபெஸ்டியின் முனகல். ஒரே சாய்ப்பு. போதும். எல்லாம் முடியும். அவனும் முடிவான். பார்த்தாள். கண்கள் மட்டும் மிச்சம். பத்தொன்பது வயசுக் கண்கள்.

“குளிருதா, கண்ணு?” என்றாள்.

வாளியைக் கீழே வைத்தாள். காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தாள். இன்னொன்று. தீ எழும்பியது.

நாற்காலியில் ஸ்வெட்டர் மட்டும். அதன் கழுத்திலிருந்து வெள்ளைத் தூள் தரையில் சொரிந்தது. அடுப்படி பெருக்கும் வாத்துச் சிறகை எடுத்தாள். ஒரு துகள் விடவில்லை. பாவாடை மடியில் சேர்த்துக்கொண்டு, தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மடியில் அந்தத் தூள் மெதுவாக உயர்ந்தது.

தாழ்ந்தது.

உயர்ந்தது.