மனுவேல் கொரையாவின் நாலு முழக் கயிறு

ஊமைத்தீவில் முதலில் கால் வைத்தவள் லெட்டிசியா கொரையா. பெருமையாகத்தான் வைத்தாள். அந்தப் பெருமை நாலு எட்டு நடப்பதற்குள் பறந்துவிட்டது. பின்னால் படகைக் கட்டிக்கொண்டிருந்த அவள் பெரியப்பா மகன் கிளாரன்ஸ், பாறையில் மோதியதில் எந்திரத்தின் புரொப்பல்லர் முறிந்துவிட்டது என்றான். அதுவாவது போகட்டும் என்றால், மோதிய வேகத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனும் பிளந்து காலியாகிக் கிடந்தது. மூன்று பேருக்கு மிஞ்சியது இரண்டே பாட்டில் தண்ணீர். கைப்பேசியிலோ சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மூன்றாவது ஆள் ஹமீதா, லெட்டியின் தோழி. அவளுக்கும் முத்துக்கும் புதையலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. “சும்மா வா, சாயங்காலம் வந்துரலாம்” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தவள் லெட்டிதான். யார் வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிட்டு வரவில்லை.

இத்தனைக்கும் காரணம், செத்து நூற்றைம்பது வருஷமான ஒரு மனிதர். கல்மோடைத்துறையில் லெட்டியின் வீட்டுக்குச் சாராயக் கொரையா வீடு என்று பெயர். பாட்டனுக்குப் பாட்டன் மனுவேல் கொரையா, தீவில் சாராயம் காய்ச்சி ஒளித்து வைத்துக் கப்பல்காரர்களுக்கு விற்றார் என்று ஊர் சொல்லும். கல்யாண வீடோ இழவு வீடோ, யாராவது அந்தப் பெயரை எடுத்தால் லெட்டியின் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். வக்கீல் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் லெட்டிக்கு அது பொறுக்கவில்லை. அவர் என்னதான் தொழில் செய்தார் என்று தேடக் கிளம்பினாள்.

பழைய துறைமுக டைரக்டரிகளைப் புரட்டினாள். ஒரு வருஷத்துப் புத்தகம் அவரைத் தோணிக்காரர் என்றது. மூன்று வருஷம் தள்ளி வந்தது, கப்பல்களுக்குச் சரக்கு கொடுப்பவர் என்றது. என்ன சரக்கு என்று மட்டும் இரண்டுமே வாய் திறக்கவில்லை. கடைசியில் கோர்ட்டுப் பதிவறையில், கரையான் தின்றது போக மிச்சமிருந்த அவருடைய உயில் கட்டு கிடைத்தது. கூடவே செத்த அன்று வீட்டிலிருந்த சாமான்களின் பட்டியலும் இருந்தது. உயிலில் ஒரு வரி அவள் தூக்கத்தைக் கெடுத்தது: ‘ஊமைத்தீவில் குருசடியண்டை கல்மூடி போட்டு நான் காத்துவந்த சொத்தை என் மூன்று மக்களும் பொதுவில் அனுபவிக்கவேண்டியது. பங்கு வைக்கக் கூடாது.’

முத்துக்குளித்த கரையில் பிறந்தவர்களுக்கு மண்ணுக்குள் ஒளித்தது என்றாலே முத்துதான். லெட்டியும் கிளாரன்ஸும் வேறு எதையும் யோசிக்கவே இல்லை.

ஆகவே படகு போனால் போகிறது என்று குருசடி என்ற பழைய சிலுவைக் கோயிலின் அடியிலேயே தோண்டினார்கள். இடிந்த சுவரும் முறிந்த கல்சிலுவையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. முன்னால் வாசல்படி மாதிரி கிடந்த பலகைக்கல்லில் உட்கார்ந்து கொண்டுவந்த இட்லியைத் தின்றார்கள். பிறகு மேலும் தோண்டி, அள்ளிய மணலையெல்லாம் அந்தக் கல்மேலேயே கொட்டினார்கள். முத்து வரவில்லை. வியர்வை வந்தது. ஒரு பாட்டில் காலியானது.

அப்போதுதான் கிளாரன்ஸ் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு விரல் விட்டு நாள்களை எண்ணினான். அவன் முகம் செத்துப்போயிற்று.

“ஏளா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஒருத்தனும் கடலுக்குப் போமாட்டான். திங்கக்கெழம நம்ம கோயில் கொடியேத்தம். செவ்வாக்கெழம வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு வள்ளம் வராது.”

துடுப்புப் போட்டுத் திரும்பலாம் என்றால், கரையிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டால் அது நடுக்கடலுக்குத்தான் தள்ளிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் இரண்டாவது பாட்டிலில் நாலு விரல் தண்ணீர் இருந்தது. ஹமீதா காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, உடைமரத்தின் அரைகுறை நிழலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. லெட்டி பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். ஹமீதா ஒரு வாய் குடித்துவிட்டு, “நீ குடிச்சியா?” என்று கேட்டாள். குடித்ததாகப் பொய் சொன்ன லெட்டி, எழுந்துபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் உம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு.

அழுது முடித்ததும் பைக்குள் இருந்த பட்டியலின் நகலை எடுத்தாள். இருபது முறை படித்த தாள்தான். அந்த இருபது முறையும் அவள் தேடியது முத்து, முத்துச் சல்லடை, தராசு. இப்போது நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. இருபத்தோராவது முறை படித்தபோது வேறு எதுவோ கண்ணில் பட்டது.

பீப்பாய் முப்பத்திரண்டு. தோல் வாளி இரண்டு. நாலு முழக் கயிறு நான்கு. தொழில் சாமான் என்று இருந்தது அவ்வளவுதான். சாராயம் காய்ச்ச அடுப்பும் பானையும் வேண்டாமா? விற்க அளவுபடி வேண்டாமா? இதில் ஒன்றுமே இல்லையே!

“அண்ணே, நாலு முழக் கயித்த வச்சி கடல்ல என்ன செய்யலாம்?”

“ஒண்ணுஞ் செய்யமுடியாது. ஆட்டுக்குட்டியக் கட்டலாம்.”

“தோல் வாளியில கட்டுனா?”

கிளாரன்ஸ் எழுந்து வந்து அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான். ஆபீசில் லெட்டி நூறு பாகப்பிரிவினைப் பத்திரம் நகல் எடுத்திருக்கிறாள். நிலத்தைப் பிரிப்பார்கள், வீட்டைப் பிரிப்பார்கள், பித்தளைக் குடத்தைக்கூடப் பிரிப்பார்கள். பங்கு வைக்காமல் எல்லாருக்கும் பொதுவில் விடுவது ஒன்றே ஒன்றைத்தான். முத்தாக இருந்தால் மூன்றாகப் பிரிக்க என்ன கஷ்டம்?

“கெணறு” என்றாள். “நாலு முழத்துலேயே தண்ணி. அவரு அதத்தான் பீப்பாயில ஊத்திக் கப்பலுக்கு வித்துருக்காரு.”

கல்மூடி எங்கே? இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் உட்கார்ந்து இட்லி தின்ற கல், அவர்களே கொட்டிய மணல்மேட்டுக்கு அடியில் கிடந்தது.

நேற்று கொட்டிய மணலை இன்று அள்ளினார்கள். தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு அள்ளினான் கிளாரன்ஸ். கல் வெளியே வந்தது. அதன் அடியில் மண்ணைப் பறித்தபோது, வட்டமாகக் கட்டிய கல்வரிசை தெரிந்தது. விளிம்பில் விரல் ஆழத்துக்குத் தேய்ந்த ஏழெட்டுத் தடங்கள். கயிறு ஓடி ஓடித் தேய்ந்த தடங்கள்! கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் கல் நகர்ந்தது.

உள்ளே மணல்தான் இருந்தது. காய்ந்த மணல்.

லெட்டி உள்ளே இறங்கிக் கையால் பறித்தாள். ஒரு முழம். ஒன்றரை முழம். நகம் பிய்ந்தது. இரண்டாவது முழத்தில் மணல் குளிர்ந்தது. பிறகு கறுத்தது. குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கல் நீர் ஊறியது. அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. சுற்றிலும் கடல். இது உப்பாக இருந்தால்?

விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மறுபடி வைத்தாள்.

“அண்ணே, பாட்டிலக் குடு” என்றாள். “மொதல்ல அவளுக்கு.”

துணியில் வடிகட்டிய தண்ணீரை ஹமீதா மடக்கு மடக்காகக் குடித்தாள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தாள். இனிமேல் சும்மா வா என்று யார் கூப்பிட்டாலும் வாசலைத் தாண்டுவதில்லை என்று அவள் சொன்னபோது, இரண்டு நாளில் முதல் தடவையாக மூவரும் சிரித்தார்கள்.

திங்கள் விடியலில் கச்சான் அடங்கிக் கிழக்கேயிருந்து கொண்டல் காற்று எழுந்தது. பிளந்த கேனின் அடிப்பாதி உருப்படியாக இருந்தது. அது நிறையத் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, படகிலிருந்த தார்ப்பாயைப் பாயாகக் கட்டிக் கிளம்பினார்கள். ஆறு மணி நேரம் ஆனது. போகிற வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் இருந்ததால்தான் கரை சேர்ந்தார்கள்.

கொடியேற்றத்துக்குக் கூடியிருந்த ஊர் முழுக்கக் கடற்கரைக்கு ஓடி வந்தது. கிளாரன்ஸுக்கு அவன் அப்பாவிடம் இரண்டு அறை கிடைத்தது. ஹமீதாவின் உம்மா இரண்டு பெண்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். லெட்டி அந்த அம்மாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். வேண்டியதைத் தேடினால் இருப்பது கண்ணில் படாது என்று அன்றைக்கு அவள் படித்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதையும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அரைக் கேனில் மிஞ்சியிருந்த தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி அப்பாவிடம் கொடுத்தாள். பட்டியலையும் உயிலையும் முன்னால் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து, வாசலில் நின்றவர்கள் பக்கம் தம்ளரை நீட்டினார்.

“கொரையா வீட்டுச் சரக்கு” என்றார். “ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”